எஸ்.பி.பி. மறைந்த அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

ஜவ்வாது மலையில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பலர் ஒரு பாறையைச் சொல்வார்கள். சிலர் பஸ் திரும்பும் வளைவைச் சொல்வார்கள். வேறு சிலர் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டைச் சொல்வார்கள்.

காரணம் சாதாரணமானது. 2020-ல் அந்த மலையின் பல ஊர்களில் செல்போன் பேச வேண்டுமென்றால் டவர் கிடைக்கும் இடத்தைத் தேடித்தான் போக வேண்டும். வீட்டுக்குள் போன் வெறும் டார்ச் லைட். கீழே டவுனில் செய்தி ஆளைத் தேடி வரும். மலையில் ஆள்தான் செய்தியைத் தேடிப் போக வேண்டும். அதனால் செய்தி கேட்ட இடம் எது என்பதில் குழப்பமே வராது. எல்லாச் செய்தியும் அந்தப் பாறையில்தான் வந்து இறங்கும். கல்லூரி ரிசல்ட்டும் அங்கேதான், அத்தைக்குக் குழந்தை பிறந்ததும் அங்கேதான்.

அதே மலையில்தான் காவலூர் இருக்கிறது. வானம் இருட்டாகவும் சுத்தமாகவும் இருக்கிறது என்று தேர்ந்தெடுத்து அங்கே வைனு பாப்பு வானாய்வகத்தை வைத்தார்கள். 1986-ல் பெரிய தொலைநோக்கியும் வந்தது. கோடிக்கணக்கான மைல் தாண்டி வரும் நட்சத்திர ஒளி பிசகாமல் வந்து விழும் மலை அது. போளூரிலிருந்து ஒரு போன் வந்து சேர்வதற்குள்தான் பாதியில் அறுந்துவிடும்.

பெரிய சாவுகளுக்கு இந்தக் குணம் உண்டு. செத்தவரை மட்டும் நினைவில் விட்டுப் போகாது, கேட்டவர் நின்ற இடத்தையும் சேர்த்து விட்டுப் போகும். எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24 விடியற்காலையில் இறந்தார். அன்று எந்த ஊரில் பஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டோம், யார் வீட்டுத் திண்ணையில் படுத்தோம் என்று இன்றைக்கும் தாத்தாக்கள் சொல்வார்கள். 1980 டிசம்பர் 8 இரவு, பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனான் நியூயார்க்கில் தன் வீட்டு வாசலில் சுடப்பட்டு இறந்தபோது, அமெரிக்காவில் ஏராளமானவர்கள் டி.வி.யில் அவர்கள் ஊர்க் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தின் நடுவிலேயே வர்ணனையாளர் ஹோவர்ட் கோசெல் செய்தியைச் சொன்னார். அந்த வயதுக்காரர்களைக் கேட்டால் இன்றும் எந்த சோபாவில் உட்கார்ந்திருந்தோம் என்பதிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். மைக்கேல் ஜாக்சன் 2009 ஜூன் 25 பிற்பகல் லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தார். நமக்கு அப்போது 26-ம் தேதி, பொழுது விடியவில்லை. அதனால் நம் ஊர்ப் பிள்ளைகளின் நினைவில் அது பல் துலக்கும்போது வந்த செய்தி.

தமிழனுக்கு ராக் ஸ்டார் என்று தனியாக ஒருவர் தேவைப்பட்டதில்லை. டவுன் பஸ்ஸிலும் கல்யாணப் பந்தலிலும் சலூனிலும் ஒரே குரல் ஐம்பது வருஷம் பாடிக்கொண்டிருந்தது. அந்தக் குரல் 2020 செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை மதியம் 1.04-க்கு நின்றது. இது அன்றைக்கு அந்தக் குரலோடு பந்தயம் கட்டிப் படுத்திருந்த ஒருவரைப் பற்றியது.

ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்குப் புளி, சாமை, கடுக்காய், பலாப்பழம் என்று பருவத்துக்கு ஏற்றபடி மூட்டை ஏற்றிப் போகும் வண்டிக்காரர் அவர். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் 'டிரைவர் அண்ணன்'. கல்யாணம் ஆவதற்கு முன்பு ஜீப் ஓட்டினார், பிறகு சின்ன லோடு வண்டி. எந்த வண்டியானாலும் உள்ளே பாடுவது ஒருவர்தான். கேசட் காலத்தில் டேஷ்போர்டு முழுக்க பாலு. கேசட் போய் பென் டிரைவ் வந்தது, அதிலும் பாலு. கூட ஏறுபவர்கள் வேறு பாட்டு கேட்டால், "அடுத்த வண்டியில ஏறிக்கோ" என்பார். அந்த ரூட்டில் அடுத்த வண்டி சாயங்காலம்தான்.

மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவுக்கும் அவரிடம் ஒரு கதை உண்டு. அவருக்கு ரொம்பப் பிடித்தது எம்.ஜி.ஆர். கதை. எஸ்.பி.பி.யே பல மேடைகளில் சொன்னதுதான். 'அடிமைப்பெண்' படத்தில் பாட இருபது வயதுகளின் ஆரம்பத்தில் இருந்த அந்தத் தெலுங்குப் பையனுக்கு வாய்ப்பு வந்தது. இசை கே.வி.மகாதேவன். ரிகார்டிங் நெருங்கும்போது பையனுக்கு டைபாய்டு. படுக்கையிலேயே கிடந்தான். பாட்டு கை நழுவிப் போயிற்று என்றுதான் அவன் நினைத்தான். எம்.ஜி.ஆர். அவன் தேறி வரும்வரை காத்திருந்தார். ஏன் காத்திருந்தீர்கள் என்று பிறகு கேட்டபோது, எம்.ஜி.ஆருக்குப் பாடப்போகிறேன் என்று நண்பர்களிடமெல்லாம் சொல்லியிருப்பாய், வேறு யாராவது பாடிவிட்டால் உன் குரல் எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடுவார்களே என்றாராம். படம் 1969-ல் வந்தது.

இந்தக் கதையை முடிக்கும்போது டிரைவர் ஸ்டியரிங்கை ஒரு தட்டு தட்டுவார். "பாத்தியா? காய்ச்சல்ல படுத்தவன் எழுந்து வர்ற வரைக்கும் ஒருத்தர் காத்திருந்தாரு. அதான் நாற்பதாயிரம் பாட்டு ஆச்சு."

2020 ஆகஸ்ட் 5-ம் தேதி எஸ்.பி.பி. கொரோனா என்று சென்னை எம்.ஜி.எம். மருத்துவமனையில் சேர்ந்தார். லேசான தொற்றுதான், ரெண்டு நாளில் வந்துவிடுவேன் என்று அவரே சிரித்துக்கொண்டு வீடியோ போட்டார். ஆகஸ்ட் 13-க்கு மேல் நிலைமை மாறியது. வென்டிலேட்டர், அப்புறம் எக்மோ. எக்மோ என்பது நுரையீரல் செய்யவேண்டிய வேலையை வெளியே நின்று செய்யும் மெஷின். உடம்பிலிருந்து ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, திரும்ப உள்ளே அனுப்பும். அந்த ஒரு மாதத்தில் படிக்காத கிழவிகள்கூட 'எக்மோ' என்ற சொல்லைச் சரியாகச் சொன்னார்கள். பாலு கற்றுக்கொடுத்த கடைசிச் சொல் அது என்றுகூடச் சொல்லலாம்.

ஆகஸ்ட் 20 மாலை 6 மணிக்கு எல்லோரும் அவர் பாடலை ஒலிக்கவிட்டுப் பிரார்த்தனை செய்யுங்கள் என்று பாரதிராஜாவும் திரையுலகத்தினரும் கேட்டுக்கொண்டார்கள். டிரைவர் வண்டியை ஊர் நடுவே நிறுத்தி, ரெண்டு கதவையும் திறந்துவைத்து, சவுண்டை முழுசாக வைத்தார். பேட்டரி இறங்கி மறுநாள் காலை வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டியிருந்தது.

செப்டம்பர் 1-ல் மாவட்டத்துக்குள் பஸ் ஓடத் தொடங்கியது. 7-ம் தேதி மாவட்டம் விட்டு மாவட்டம் ஓடியது. கூடவே கொரோனாவும் மலை ஏறியது. செப்டம்பர் நடுவில் டிரைவருக்குக் காய்ச்சல், இருமல், படி ஏறினால் மூச்சு. கீழே மாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். கூட யாரும் இருக்கக் கூடாது. பட்டன் போன் ஒன்று மட்டும் கையில்.

தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு மூத்த மகள் பாறைக்கு ஏறிப் போன் செய்வாள். பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். கல்லூரி மூடிக் கிடந்ததால் வீட்டில் இருந்தாள். அப்பா எடுத்ததும் முதல் கேள்வி தன் உடம்பைப் பற்றி இருக்காது.

"பாலுவுக்கு எப்படி இருக்காம்?"

அவள் பார்த்துச் சொல்வாள். அந்த நாட்களில் மகன் சரண் அடிக்கடி வீடியோவில் நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தார். கொரோனா நெகட்டிவ் ஆகிவிட்டது, நுரையீரல் தேற வேண்டும். ஐபேடில் கிரிக்கெட்டும் டென்னிஸும் பார்க்கிறார். வாய் வழியாகச் சாப்பிட ஆரம்பித்திருக்கிறார், சீக்கிரம் வீட்டுக்குப் போக ஆசைப்படுகிறார். கடைசிச் செய்தி வந்தது செப்டம்பர் 22-ல். அதைக் கேட்டு டிரைவர் ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் சிரித்தார்.

"அவரு எனக்கு முன்னாடி போய்ப் படுத்தவரு. அவரு எழுந்துட்டா நானும் எழுந்துடுவேன் பாப்பா. கணக்கு சரியா இருக்குதில்ல?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது, இரண்டு நாளைக்கு.

24-ம் தேதி மாலை, உடல்நிலை மிகவும் கவலைக்கிடம் என்று மருத்துவமனை அறிக்கை வந்தது. அன்று டவர் கிடைக்கவில்லை என்று சொல்லி மகள் போனைச் சீக்கிரம் வைத்துவிட்டாள். மறுநாள் மதியம் வாட்ஸ்அப்பில் கல்லூரிப் பாடம் எடுப்பதற்காகப் பாறையில் உட்கார்ந்திருந்தபோது செய்தி வந்தது. முதலில் அவள் நம்பவில்லை. நம்பாமல் இருக்க நியாயம் இருந்தது. ஆகஸ்ட் 24-ல் பாலுவுக்கு நெகட்டிவ் என்று ஊரெல்லாம் பரவி, அது பொய் என்று சரணே மறுக்க வேண்டியிருந்தது. அதனால் இதுவும் பொய்யாக இருக்கும் என்று திரும்பத் திரும்பத் திரையை இழுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு குரூப்பிலும் அதே படம். மாலை போட்ட படம்.

அவள் நினைத்தது எஸ்.பி.பி.யைப் பற்றி அல்ல. ஆறு மணியைப் பற்றி.

வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொன்னாள். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவருக்குத் தெரியக் கூடாது" என்றாள். அவ்வளவுதான் ஆலோசனை.

அன்று சாயங்காலம் மகள் சொன்னாள்: "அப்படியேதான் இருக்காராம்ப்பா. டாக்டருங்க பாத்துக்கிட்டுதான் இருக்காங்க."

"சரி பாப்பா. நீங்க சாப்ட்டீங்களா?"

மறுநாள் 26-ம் தேதி, திருவள்ளூர் மாவட்டம் தாமரைப்பாக்கம் பண்ணை வீட்டில் காவல்துறை மரியாதையோடு அவரை அடக்கம் செய்தார்கள். நாடே டி.வி.யில் பார்த்தது. அன்று சாயங்காலமும் பாறையிலிருந்து ஒரு அறிக்கை போனது: "இன்னைக்குக் கண்ணு முழிச்சுப் பாத்தாராம்ப்பா." அதற்கடுத்த நாள் கஞ்சி குடித்தார். பிறகு சரணின் கையைப் பிடித்தார். ஒரு பொய்க்கு அடுத்த பொய் தேவைப்படும்தானே. மகளுக்கு அது பழகிப்போய், பகலெல்லாம் அன்றைய அறிக்கையை யோசித்து வைக்க ஆரம்பித்தாள். தாமரைப்பாக்கத்தில் மண்ணுக்குள் இருந்தவர் ஜவ்வாது மலையில் நாளுக்கு நாள் தேறிக்கொண்டு வந்தார்.

டிரைவரும் தேறினார். அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று வீட்டுக்கு வந்தார். அழைத்து வந்த வண்டியில் பாட்டுப் போடவில்லை. போடு என்று அவரும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அம்மா மெதுவாகச் சொன்னாள், பாலு போயிட்டாரு என்று.

"எப்போ?"

"ரெண்டு நாள் ஆச்சு."

தேதியில்கூட அவளுக்கு உண்மை சொல்லத் துணிவு வரவில்லை. ஒரு வாரமாக மறைத்தோம் என்று தெரிந்தால் கோபப்படுவார் என்று பயம். அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்க் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டார். பெரிதாக அழுவார் என்று எதிர்பார்த்த பிள்ளைகளுக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. உடம்பு அசதி என்று நினைத்துக்கொண்டார்கள்.

2021 ஜனவரி 25 ராத்திரி டி.வி.யில் பத்ம விருதுகள் வாசித்தார்கள். எஸ்.பி.பி.க்கு மறைவுக்குப் பிறகு பத்ம விபூஷண். அதே பட்டியலில் சித்ராவுக்குப் பத்ம பூஷண், பாலுவோடு எத்தனையோ ஜோடிப் பாட்டு பாடிய சித்ரா. டி.வி.யில் பாலுவின் படத்துக்குக் கீழே பிறந்த தேதியும் இறந்த தேதியும் ஓடின. செப்டம்பர் 25. அம்மா ரிமோட்டைத் தேடினாள். ரிமோட் பையனின் கையில் இருந்தது.

"மாத்த வேணாம்" என்றார் டிரைவர். "எனக்கு அன்னிக்கே தெரியும்."

எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு அவர் சொன்னது இது. வார்டில் பன்னிரண்டு கட்டில். மதியச் சாப்பாட்டு வண்டி வந்துபோன பிறகு, ஒரு போனில் பாலு பாட ஆரம்பித்தார். அப்புறம் எதிர்க் கட்டிலில் இன்னொரு பாட்டு. ஜன்னல் பக்கம் இன்னொன்று. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. எல்லாப் போனிலும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் வெவ்வேறு பாட்டுப் பாடினால் என்ன அர்த்தம்? சாதாரண நாளில் அப்படி நடக்காது. கவச உடையில் வந்த நர்ஸ் அம்மா சவுண்டைக் குறைக்கச் சொல்ல வாய் திறந்தவர், சொல்லாமல் போய்விட்டார்.

"அப்புறம் ஏம்ப்பா ஒரு வாரம் என்னைப் பொய் சொல்ல விட்ட?" மகளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

"நீ அவ்ளோ நல்லா சொன்ன பாப்பா. கஞ்சி குடிச்சாருன்ன. கையைப் புடிச்சாருன்ன. அதைக் கேக்கத்தான் காலையில இருந்து சாயங்காலம் எப்ப வரும்னு பாத்துக்கிட்டு இருப்பேன்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்த மதியத்தைப் பற்றிப் பேச்சு அடிக்கடி வந்தது. பேசப் பேசத்தான் ஒவ்வொருவரின் 25-ம் தேதியும் வேறு வேறு என்று தெரிந்தது. தான் பாறையில் தனியாக இருந்ததாக மகள் சத்தியம் செய்கிறாள், வானம் பளிச்சென்று இருந்ததாம். ஒன்பதாவது படிக்கும் தம்பி, நானும் பக்கத்தில்தான் இருந்தேன், தூறல் போட்டது, போனைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு பார்த்தோம் என்கிறான். மகள் சொல்படி அம்மா அடுப்படியில் இருந்தாள். அம்மா சொல்படி அவள் கொல்லையில் சாமைக் கதிருக்குக் கிளி விரட்டிக்கொண்டிருந்தாள், அங்கே வந்துதான் மகள் சொன்னாள். தம்பி ஆதாரமாகத் தன் கணக்கு நோட்டைக் கொண்டு வந்தான். 25.9.2020 என்று தேதி போட்டு, ஒரு கணக்கு பாதியில் நிற்கிறது. செய்தி வந்ததால்தான் நின்றது என்பது அவன் வாதம். அந்த நோட்டில் பாதியில் நிற்கும் கணக்கு அது ஒன்றுதானா என்று புரட்டிப் பார்த்தால் வாதம் கொஞ்சம் பலவீனமாகத்தான் இருந்தது.

இது அந்தக் குடும்பத்தின் விசேஷம் அல்ல. ரோஜர் பிரவுன், ஜேம்ஸ் குலிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1977-ல் இப்படிப்பட்ட நினைவுகளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். பழைய கேமராவில் பளிச்சென்று ஒரு ஃப்ளாஷ் வெட்டுமே, அதுபோல அதிர்ச்சியான நொடி மனதில் போட்டோவாகப் பதிந்துவிடுகிறது என்று சொல்லி, அதை ஃப்ளாஷ் நினைவு என்றார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. பிறகு உல்ரிக் நைசர் என்பவர் அதைச் சோதித்துப் பார்த்தார். 1986 ஜனவரி 28-ல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வானத்திலேயே சிதறியது. மறுநாளே ஒரு கல்லூரியின் மாணவர்களிடம், செய்தியை எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். இரண்டரை வருஷம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதையே மறுபடி கேட்டார்கள். 11 பேருடைய பதில் முழுக்க முழுக்கத் தப்பு. எல்லாம் பொருந்தி வந்தது 3 பேருக்குத்தான். வேடிக்கை என்னவென்றால், தப்பாகச் சொன்னவர்களிலும் பலர் அடித்துச் சொன்னார்கள். அவர்கள் கைப்பட எழுதிய தாளையே எடுத்துக் காட்டியும் பழைய நினைவு அவர்களுக்குத் திரும்பி வரவில்லை.

ஆக, பாறையில் தூறல் போட்டதா இல்லையா என்று அக்காவும் தம்பியும் ஆயுசுக்கும் சண்டை போடலாம். இருவருமே பொய் சொல்லவில்லை.

ஒரு ராத்திரி இந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதுதான் டிரைவர் இன்னொன்றைச் சொன்னார். அதுவரை சொல்லாதது.

முதலில் பாட்டுப் போட்டது பக்கத்துக் கட்டில்காரர். செங்கம் பக்கத்துக் கிராமம், கொத்தனார் மேஸ்திரி. நாற்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். மாஸ்க்கைக் கொஞ்சம் தள்ளிவிட்டு இருவரும் சாடையிலேயே சிநேகமானவர்கள். பாலு எழுந்தால் நானும் எழுவேன் என்ற பந்தயம் அவருக்கும் தெரியும். அந்த வெள்ளிக்கிழமை மதியம் அவர் போனைப் பார்த்தார். டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். போனைக் கவிழ்த்துவைத்துவிட்டார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். மற்ற கட்டில்களில் பேச்சு சலசலக்கவும், இனி மறைக்க முடியாது என்று தெரிந்து, மெதுவாக ஒரு பாட்டைப் போட்டார். இருவரும் பேசவில்லை. இருட்டும்வரை கேட்டார்கள்.

ராத்திரி அவருக்கு மூச்சு திணறியது. டாக்டர்கள் ஓடி வந்தார்கள், திரை போட்டார்கள், கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். விடிந்து பார்த்தபோது அந்த இடம் காலியாக இருந்தது. சுவரில் பிளக்கில் சார்ஜர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"பாலு போனதை உங்ககிட்ட மறைக்கணும்னு நான் நினைக்கல. அதைச் சொன்னா இதையும் சொல்ல வேண்டி வரும்" என்றார். மகளுக்கு அப்போதுதான் கயிற்றுக் கட்டிலில் அவர் அழாமல் படுத்திருந்தது புரிந்தது.

மேஸ்திரியின் நம்பர் அவரிடம் இருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்தபடியே ஒருவருக்கொருவர் மிஸ்டு கால் கொடுத்துப் பதிந்துகொண்டது. நாலு மாதமாக அதைப் பார்ப்பார், வைத்துவிடுவார். பிப்ரவரியில் ஒருநாள் போளூரில் லோடு இறக்கிவிட்டுப் போட்டார். எடுத்தது மேஸ்திரியின் மனைவி. போன் அவளிடம் திரும்ப வந்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளையும் அழைத்துக்கொண்டு போனார். வெறுங்கையோடு போக வேண்டாமென்று ஒரு பாட்டில் மலைத் தேன், ஒரு படி சாமை அரிசி. பூச்சு பூசாத செங்கல் வீடு. ஊருக்கெல்லாம் வீடு கட்டியவர் தன் வீட்டுக்குப் பூச்சை அடுத்த வருஷத்துக்கு என்று தள்ளி வைத்திருந்தார். அந்த அம்மா நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, தரையில் உட்கார்ந்தாள். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் நடந்ததுதான் அவளுக்கும் நடந்திருந்தது. கடைசி ஒன்பது நாள் அவள் கணவனைப் பார்க்கவில்லை. பார்த்தபோது துணி சுற்றியிருந்தது, தூரத்தில் நின்றுதான் பார்த்தாள்.

"கஷ்டப்பட்டாராண்ணா?"

"ராத்திரிதாம்மா. கொஞ்ச நேரம். சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு. பாட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தாரு. எனக்காகத்தான் போட்டாரு."

அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு இது புதுச் செய்தி. இந்த நாலு மாதமாக அந்த ஆஸ்பத்திரி அவள் மனதில் சத்தமே இல்லாத இடமாக இருந்திருக்க வேண்டும்.

"என்ன பாட்டுண்ணா?"

டிரைவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. பாலுவும் ஜானகியும் பாடிய ஒரு பாட்டைச் சொன்னார். அவள் உள்ளே பார்த்து மகனைக் கூப்பிட்டாள். பையன் அப்பாவின் அந்தப் போனிலேயே பாட்டைத் தேடி எடுத்தான். விளம்பரம் ஒன்று ஓடி முடியும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். பாட்டு தொடங்கியதும் அந்த அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். முடியும்வரை யாரும் பேசவில்லை. முடிந்ததும் பையனிடம், "இன்னொரு தடவை போடுடா" என்றாள்.

திரும்பும் வழியில் போளூரில் டீ குடிக்க நிறுத்தினார்கள். மகள் கேட்டாள், "நெஜமாவே அந்தப் பாட்டாப்பா?"

டிரைவர் டீயை ஆற்றினார்.

"பன்னெண்டு கட்டில்லயும் ஒவ்வொரு பாட்டு ஓடிச்சு பாப்பா. அதுல அவர் போட்டது எதுன்னு எனக்கு எங்க ஞாபகம்."

காசைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார். இருட்டுவதற்குள் மலை ஏறியாக வேண்டும், ஹெட்லைட் ஒன்று சரியாக எரியவில்லை. அத்திமூர் தாண்டி முதல் வளைவு வந்ததும் பென் டிரைவைச் செருகினார். அந்தப் பாட்டு அதில் எங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னார்.